'ஸ்பேம்ல பாருங்க' என்று சொல்வதை நிறுத்துவோம்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், ஃபீஸ் ரசீது, பாஸ்வேர்டு மாற்றும் லிங்க், ஓடிபி. இவையெல்லாம் ஒருவர் காத்திருந்து எதிர்பார்க்கிற மெயில்கள். "வரலையே" என்று கேட்டால், "ஸ்பேம்ல பாருங்க சார்" என்று பல நிறுவனங்கள் சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகின்றன. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பதில். போலி வங்கி மெயில்கள் குவிந்து கிடக்கிற இடத்துக்குள் நம் வாடிக்கையாளரை நாமே அனுப்பி, அங்கிருக்கும் ஒரு லிங்கை நம்பி அழுத்தச் சொல்கிறோம். அதோடு, ஜிமெயிலில் ஸ்பேமுக்குப் போனவை 30 நாளில் தானாக அழிந்துவிடும்.

'எங்கள் மெயில் ஸ்பேமுக்குப் போகிறது' என்ற புகாரோடு என்னிடம் வருகிற நிறுவனத்தார் பெரும்பாலும் சப்ஜெக்ட் வரியை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். நான் முதலில் கேட்பது அந்த மெயிலைத்தான். கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' கொடுத்தால் மேலேயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகியவற்றின் முடிவு தெரியும். உங்கள் டொமைன் (மெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வருவது) பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்தான் எஸ்பிஎஃப். டிகிம் என்பது மெயிலில் போடும் டிஜிட்டல் கையெழுத்து. இந்த இரண்டில் ஒன்றாவது, 'ஃப்ரம்' முகவரியில் தெரிகிற டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது டிமார்க். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ் என்று இருக்கும், ஆனால் டிமார்க் ஃபெயில் ஆகியிருக்கும். ஏனென்றால் பாஸ் ஆனது மெயில் அனுப்பித் தரும் சேவையின் டொமைன், உங்களுடையது இல்லை. டிகிம் வரியில் பாஸுக்குப் பக்கத்தில் யார் டொமைன் இருக்கிறது என்று பாருங்கள். அது வேறாக இருந்தால், அந்தச் சேவையின் செட்டிங்ஸில் உங்கள் டொமைனுக்கான டிகிமை இயக்கி, அவர்கள் தரும் வரிகளை டிஎன்எஸ்-ல் (உங்கள் டொமைனுக்கான பதிவுகள் இருக்கும் இடம்) சேர்க்க வேண்டும்.

அப்புறம், புதிய சேவை ஒன்று வாங்கும்போதெல்லாம் தனியாக ஒரு எஸ்பிஎஃப் வரியைச் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம்; இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. எல்லாவற்றையும் ஒரே வரியில் இணைக்க வேண்டும், அதற்கும் 10 டிஎன்எஸ் தேடல் என்ற வரம்பு உண்டு.

2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இந்த மூன்றும் கட்டாயம். யாஹூவும் கிட்டத்தட்ட அதே விதிகளைக் கொண்டுவந்தது. ஸ்பேம் என்று புகார் செய்கிறவர்களின் விகிதம் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.3-ஐத் தொடவே கூடாது என்கிறது கூகுள். 0.3 என்றால் ஆயிரத்துக்கு மூன்று பேர், அவ்வளவுதான்! பழைய வாடிக்கையாளர் எல்லாருக்கும் தீபாவளி ஆஃபர் அனுப்புகிறீர்கள், 'வேண்டாம்' என்று விலகும் லிங்க் கண்ணில் படாததால் சிலர் ஸ்பேம் பட்டனை அழுத்துகிறார்கள். அந்தக் கெட்ட பெயர் டொமைனுக்குத்தான் சேரும், அதனால் மறுநாள் ஓடிபியும் ஸ்பேமுக்குப் போகலாம். ரசீதுக்கு ஒரு சப்டொமைன் (உங்கள் டொமைனுக்குள் ஒரு கிளைப் பெயர்), விளம்பரத்துக்கு வேறொன்று என்று கட்டாயம் பிரித்துவிடுங்கள். விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியையும் வையுங்கள்.

டிமார்க்கை எடுத்த எடுப்பிலேயே 'ரிஜெக்ட்' (ஃபெயில் ஆன மெயிலை ஏற்காதே) என்று வைக்காதீர்கள். முதலில் 'நன்' (none, அதாவது எதுவும் செய்யாதே) என்று வைத்து, ரிப்போர்ட் வருவதற்கு ஒரு முகவரியும் கொடுத்துச் சில வாரம் பாருங்கள். அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் உங்கள் பெயரில் இன்வாய்ஸ் அனுப்பிக்கொண்டிருப்பது போன்ற, யாருக்கும் நினைவில் இல்லாத விஷயங்கள் அதில்தான் வெளியே வரும். அவற்றையும் சரிசெய்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.