தலையெழுத்து

ஒரு சின்னச் சோதனை. ஆள்காட்டி விரலால் உங்கள் நெற்றியில் ‘ட’ என்று எழுதுங்கள். யோசிக்காமல், சட்டென்று.

எழுதியாயிற்றா? சரி, எதிரில் ஒருவர் நின்றிருந்தால் அதை எப்படிப் படித்திருப்பார்? நேராக ‘ட’ என்றா, இல்லை கண்ணாடியில் பார்த்தது போல இடம் வலமாகத் திரும்பியா? திரும்பியிருந்தால், நீங்கள் உங்கள் பக்கமிருந்தே படித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நேராக இருந்தால், எதிரில் இருப்பவர் கண்ணுக்காக எழுதியிருக்கிறீர்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஆடம் கலின்ஸ்கியும் அவருடன் வேலை செய்தவர்களும் ஆங்கில ‘ஈ’ எழுத்தை வைத்து இதைச் செய்து பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு குழுவினர், தாங்கள் மற்றவர் மீது அதிகாரம் செலுத்திய ஒரு சம்பவத்தை நினைவுகூர்ந்து எழுத வேண்டும். இன்னொரு குழுவினர், தங்கள் மீது வேறொருவர் அதிகாரம் செலுத்திய சம்பவத்தை எழுத வேண்டும். அப்புறம்தான் கையில் பேனா, நெற்றியில் எழுத்து. தன் பக்கமிருந்தே படிக்கும்படி எழுதியவர்கள் முதல் குழுவில் 33 சதவீதம், இரண்டாவது குழுவில் 12 சதவீதம்.

பழைய அதிகாரத்தைச் சில நிமிடங்கள் நினைத்துப் பார்த்ததற்கே இவ்வளவு வித்தியாசம்.

தலைவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருவோம்: ஆள் நல்லவரா, கெட்டவரா? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசியவர், ஜெயித்து மூன்று வருடத்தில் கார் கண்ணாடியைக் கூட இறக்குவதில்லை. ‘ஆளே மாறிட்டார்’ என்று ஒரு கட்சி. ‘எப்பவுமே அப்படித்தான், நமக்குத்தான் தெரியலை’ என்று இன்னொரு கட்சி. இரண்டுமே குணத்தைப் பற்றிய பேச்சு. அதிகாரம் மனிதரைக் கெடுக்கப் பார்க்கும் என்று பிரிட்டிஷ் வரலாற்று ஆசிரியர் ஆக்டன் பிரபு 1887-ல் ஒரு கடிதத்தில் எழுதியதும் இந்த வகைதான். அவர் எழுதியது போப்பாண்டவர்களையும் மன்னர்களையும் வரலாற்று ஆசிரியர்கள் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்ற கோபத்தில். ஆனால் எப்படிக் கெடுக்கிறது என்று அவர் சொல்லவில்லை. ஆய்வுக்கூடங்கள் அதைத் தேட ஆரம்பித்தது வெகு காலம் கழித்துத்தான்.

கிடைத்த விடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, கவனம் எந்தத் திசையில் பாய்கிறது என்பதைப் பற்றியது. 1993-ல் சூசன் ஃபிஸ்க் என்ற உளவியலாளர் விளக்கியது இது. எந்த அலுவலகத்திலும் இதைப் பார்க்கலாம். ‘சார் இன்னிக்கு எப்படி இருக்கார்’ என்று வாசலில் இருக்கும் உதவியாளரைக் கேட்டால் போதும், அதிகாரியின் அன்றைய வானிலை அறிக்கையே கிடைத்துவிடும். செருப்புச் சத்தத்தை வைத்தே அவருக்குச் சொல்லத் தெரியும். ஆனால் அந்த அதிகாரிக்கு உதவியாளரின் மகன் என்ன படிக்கிறான் என்று தெரியுமா? தெரிந்தாக வேண்டிய தேவை அவருக்கு இல்லை. விடுப்பு, இடமாற்றம், சம்பள உயர்வு எல்லாம் மேலே இருக்கும்போது கண்ணும் மேலேதான் இருக்கும். கீழே பார்க்காமல் இருப்பதால் மேலே உள்ளவருக்கு உடனடி நஷ்டம் எதுவும் இல்லை.

குரங்குகளிடமும் இது உண்டு. ஒரு குரங்கு ஒரு பக்கம் பார்த்தால் பக்கத்துக் குரங்கும் அங்கே பார்க்கும். ரீசஸ் குரங்குகளை வைத்து 2006-ல் வெளியான ஆய்வு ஒன்றில், கூட்டத்தில் கீழ்நிலையில் இருந்தவை யார் பார்வை எங்கே போனாலும் தாமும் அங்கே பார்த்தன. மேல்நிலைக் குரங்குகள் தமக்குச் சமமான மேல்நிலைக் குரங்குகளின் பார்வையை மட்டுமே பின்தொடர்ந்தன. மந்திரி மாநாடுகளைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வரும்.

2014-ல் கனடாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. ஒரு கை ரப்பர் பந்தை அழுத்துவதை நாம் பார்க்கும்போது, நம் மூளையில் கையை இயக்கும் பகுதியும் லேசாக உசும்பும். நாம் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் மூளை அந்தச் செயலை உள்ளுக்குள் நடித்துப் பார்க்கிறது. மண்டையோட்டின் மேலிருந்து காந்தத் துடிப்பு செலுத்தி, கைத்தசை எவ்வளவு துடிக்கிறது என்று பார்த்து இதை அளக்கலாம். ஜெரமி ஹோகவீன், மைக்கேல் இன்ஸ்லிக்ட், சுக்விந்தர் ஓபி மூவரும் அளந்தார்கள். அதிகாரமில்லாத நிலையை நினைத்து எழுதியவர்களிடம் இந்த உசும்பல் அதிகமாக இருந்தது. அதிகாரத்தை நினைத்து எழுதியவர்களிடம் குறைவு.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இவை சிறு ஆய்வுகள். ஒன்றை நினைக்க வைத்துவிட்டு விளைவைப் பார்க்கும் சோதனைகள் பலவற்றைப் பிறர் மறுபடி செய்தபோது முதலில் வந்த விடை வரவில்லை. கையை இடுப்பில் வைத்து விறைப்பாக நின்றால் ஹார்மோனே மாறும் என்று 2010-ல் வந்து உலகமெல்லாம் பரவிய ஆய்வும் அப்படித்தான் சரிந்தது. 2016-ல் அதன் முதல் ஆசிரியரே அதில் தனக்கு நம்பிக்கையில்லை என்று எழுதிவிட்டார். அதனால் 33, 12 என்ற எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வெவ்வேறு கருவிகளோடு போனவர்களும் ஏறத்தாழ ஒரே பக்கம் கைகாட்டுகிறார்கள். அதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

அப்படியானால் நாற்காலி ஏறிய எல்லோரும் கெட்டுத்தான் போவார்களா? 2001-ல் நியூயார்க்கில் செரீனா சென், ஜான் பார்க் முதலியோர் நிஜ நாற்காலியை வைத்தே இதைச் சோதித்தார்கள். பேராசிரியர் அறையில் சிலரை மேஜைக்குப் பின்னால், பேராசிரியரின் பெரிய நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சிலரை வந்து போகிறவர்கள் உட்காரும் சாதாரண நாற்காலியில். பிறகு ஒரு வேலைப் பட்டியலைக் கொடுத்து, ‘உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், மீதியை அடுத்து வருபவர் செய்வார்’ என்றார்கள். சில வேலைகள் சீக்கிரம் முடியும், சில இழுக்கும். உறவுகளைக் கொடுக்கல் வாங்கல் கணக்காகப் பார்க்கிறவர்கள் பெரிய நாற்காலியில் உட்கார்ந்ததும் சுலபமானதை எடுத்துக்கொண்டு கஷ்டமானதை அடுத்தவர் தலையில் கட்டினார்கள். அடுத்தவர் நலனைத் தன் பொறுப்பாக நினைக்கும் இயல்புடையவர்கள், அதே நாற்காலியில் உட்கார்ந்து, நீளமான வேலைகளைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அதிகாரம் இருவரையும் அவரவர் போக்கில் இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டது.

ஒரே மனிதரிடம் இந்த இரண்டும் இருந்தால் என்ன ஆகும்? அமெரிக்க அதிபராக இருந்த லிண்டன் ஜான்சன் என்ன ஆனார் என்று பார்க்கலாம்.

1928-ல், கல்லூரிப் படிப்புக்கு நடுவில், டெக்சாஸின் கோட்டூலா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்தியவர். காலையில் சாப்பிடாமல் வந்த அந்தப் பிள்ளைகளை அவர் மறக்கவில்லை. ஆனால் 1937-ல் நாடாளுமன்றத்துக்குப் போன பிறகு, ஏறத்தாழ இருபது வருடம், கறுப்பினத்தவர் உரிமைக்காக வந்த மசோதாக்களுக்கு எதிராகவே வாக்களித்தார். தெற்கத்தி ஓட்டு அப்படி. அதிபரானதும் 1964-ல் குடிமை உரிமைகள் சட்டத்தையும் 1965-ல் வாக்குரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றியது அதே ஆள். 1965 மார்ச் 15 அன்று நாடாளுமன்றத்தில் பேசும்போது கோட்டூலா பிள்ளைகளைச் சொல்லி, அவர்களுக்கு உதவும் வாய்ப்பு இப்போது தன் கையில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தப் போகிறேன் என்றார்.

இதே ஜான்சன்தான் கழிப்பறையில் உட்கார்ந்தபடி உதவியாளர்களை உள்ளே கூப்பிட்டு வேலை சொல்வார். நெற்றியில் எழுத்து எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

வியட்நாம் விஷயத்தில் அவர் ஒன்றும் அறியாதவர் இல்லை. 1964 மே மாதம் ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம் தொலைபேசியில், இது சண்டை போடத் தகுந்த இடமாகத் தெரியவில்லை, ஆனால் வெளியேறவும் வழி தெரியவில்லை என்று புலம்பியது ஒலிப்பதிவாகவே இருக்கிறது. எதிர்த்துச் சொல்ல ஆள் இல்லாமலும் இல்லை. வெளியுறவுத் துறையில் இரண்டாம் இடத்தில் இருந்த ஜார்ஜ் பால், இந்தப் போர் வேண்டாம் என்று 1964 அக்டோபரிலேயே நீண்ட குறிப்பு எழுதினார். பிறகும் விடாமல் எழுதினார். ஜான்சன் கோபப்படவில்லை. கூட்டங்களில் அவரைப் பேசச் சொல்லிக் கேட்பார். எங்கள் ஆஸ்தான எதிர்வாதி இவர் என்பது போல நடத்துவார். பால் மனதாரச் சொன்னதெல்லாம் இப்படி ஒரு வேடமாக மாறிப்போனது. எதிர்க்கருத்தையும் கேட்டாகிவிட்டது என்ற திருப்தியோடு எல்லோரும் எழுந்து போக, படைகள் வியட்நாமுக்குப் போய்க்கொண்டிருந்தன.

துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ப்ரிக்கு அப்படி வேடம் எதுவும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. 1965 பிப்ரவரியில் அவரும் ஒரு குறிப்பு எழுதினார். பெரிய வெற்றிக்குப் பிந்தைய வருடம், அரசியல் ஆபத்து மிகக் குறைவாக உள்ள வருடம், வெளியேற இதுதான் நேரம் என்பது அதன் சாரம். அதன் பிறகு வியட்நாம் பற்றிய ஆலோசனைக் கூட்டங்களுக்கு அவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். சுமார் ஒரு வருடம் கழித்து, போரை மேடைகளில் ஆதரித்துப் பேச ஆரம்பித்த பிறகுதான் கதவு மறுபடி திறந்தது.

எதிர்வாதியாக நடிப்பவருக்கும் நிஜமாகவே மாறுபடுபவருக்கும் உள்ள வேறுபாட்டை, 2001-ல் சார்லன் நெமத் என்ற உளவியலாளர் சோதனையில் பார்த்தார். ‘நீ எதிர்த்துப் பேசு’ என்று வேலை கொடுக்கப்பட்டவர் இருந்த குழுவை விட, உண்மையிலேயே மாறுபட்டவர் இருந்த குழு தன் நிலைப்பாட்டைப் பல கோணங்களில் திரும்ப யோசித்தது. நடிப்பு என்று தெரிந்தால் மனம் அசைவதில்லை.

டேவிட் ஓவன் என்ற பிரிட்டிஷ்காரர் இதற்கெல்லாம் ஒரு நோய்ப் பெயரே வைத்துவிட்டார்: அகந்தை நோய்க்குறி. அவர் நரம்பியல் படித்த மருத்துவர், 1977 முதல் 1979 வரை வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர். 2009-ல் ஒரு மனநல மருத்துவரோடு சேர்ந்து, நூறு வருட அமெரிக்க அதிபர்களையும் பிரிட்டிஷ் பிரதமர்களையும் ஆராய்ந்து, 14 அறிகுறிகள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். தன்னைப் பற்றியே ‘நாம்’ என்று பேசுவது ஓர் அறிகுறி. சக மனிதர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, வரலாறோ கடவுளோ தீர்ப்பு சொல்லும் என்று நினைப்பது இன்னொன்று. லாயிட் ஜார்ஜ், சேம்பர்லேன், தாட்சர், பிளேர், ஜார்ஜ் புஷ் மகன் ஆகியோருக்கு இது இருந்தது என்பது அவர் கணிப்பு. பதவியில் வரும், பதவி போனால் பெரும்பாலும் தணியும் என்கிறார். மருத்துவ உலகம் இதை அதிகாரப்பூர்வமான நோயாக ஏற்கவில்லை. ஓர் அரசியல்வாதி மற்ற அரசியல்வாதிகளை, அதுவும் தூரத்திலிருந்து, நாடி பிடித்துப் பார்த்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் ஓவன் சொல்லும் மருந்து யோசிக்க வைக்கிறது. தலைவர் மேலே மேலே பறக்காதபடி காலைப் பிடித்துத் தரையில் நிறுத்த ஒருவர் வேண்டுமாம். (நம் ஊரில் காலைப் பிடிப்பவர்கள் செய்வது வேறு வேலை.) பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு லூயி ஹோ அப்படி இருந்தார். பழைய பத்திரிகைக்காரர், அதிபரை முகத்துக்கு நேரே ‘பிராங்க்ளின்’ என்று கூப்பிட்டு, முட்டாள்தனம் என்றால் முட்டாள்தனம் என்றே சொல்வார். 1936 ஏப்ரலில் ஹோ இறந்தார். அந்த நவம்பரில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். 1937 பிப்ரவரியில், தன் சட்டங்களை ரத்து செய்துகொண்டிருந்த உச்ச நீதிமன்றத்தில் கூடுதலாக ஆறு நீதிபதிகள் வரை நியமிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்து, சொந்தக் கட்சியினரே எதிர்க்க, தோற்றார். ஹோ இருந்திருந்தால் தடுத்திருப்பார் என்று சத்தியம் செய்ய முடியாது. சொல்லியாவது பார்த்திருப்பார்.

இப்படிச் செய்வதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: இடித்துரைப்பது. எவ்வளவு நெருங்கியவருக்கும் அது சுலபமில்லை.

1940 ஜூன் 27. பிரான்ஸ் விழுந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வின்ஸ்டன் சர்ச்சில் பிரதமராகி ஏழு வாரம். அவர் மனைவி கிளெமென்டைன் அவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். உங்கள் கடுகடுப்பாலும் ஏளனத்தாலும் அதிகாரத் தொனியாலும் கூட வேலை செய்பவர்கள் உங்களை வெறுக்கும் ஆபத்து இருக்கிறது என்கிறார். கூட்டத்தில் யாராவது ஒரு யோசனை சொன்னால் நீங்கள் காட்டும் அலட்சியத்தைப் பார்த்து, இனி நல்லதோ கெட்டதோ எந்த யோசனையுமே வராமல் போய்விடும் என்கிறார். முன்பு போல நீங்கள் இப்போது கனிவாக இல்லை என்கிறார்.

இதை அவர் தானாகக் கண்டுபிடித்து எழுதவில்லை. சர்ச்சிலுடன் இருந்த, அவர் மேல் உயிரையே வைத்திருந்த ஒரு நண்பர் வந்து சொல்லியிருக்கிறார். நேரே சர்ச்சிலிடம் போகாமல், மனைவியிடம். கல்யாணமாகி கிட்டத்தட்ட 32 வருடம் ஆகியிருந்த அந்த மனைவியும், போன ஞாயிற்றுக்கிழமையே இதை எழுதினேன், பிறகு கிழித்துப் போட்டேன், இதோ மறுபடி எழுதியிருக்கிறேன் என்று கடைசியில் குறித்திருந்தார்.