'நம்ம பையன்தானே' என்று ஏறிவிடாதீர்கள்

கோலாலம்பூரில் 16 ஆண்டுகளாகச் சுற்றுலா வழிகாட்டியாக இருக்கிறேன். தமிழ்நாட்டுப் பயணிகளுக்கு முதல் சிக்கல் பெரும்பாலும் ஊருக்குள் வருவதில்லை. கோலாலம்பூரின் சிப்பாங் விமான நிலைய வாசலிலேயே வந்துவிடுகிறது.

மதுரையிலிருந்து வந்த வயதான தம்பதி, நகரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதிக்குப் போகவேண்டியவர்கள். விடிய விடியத் தூங்காத களைப்பு. "அம்மா, பிரிக்ஃபீல்ட்ஸா? வாங்க, நம்ம வண்டி இருக்கு" என்று ஒருவர் தமிழில் கூப்பிட, நம்பி ஏறிவிட்டார்கள். விடுதி வாசலில் 300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கேட்டிருக்கிறார். பெட்டியெல்லாம் டிக்கியில். கொடுத்துவிட்டார்கள். "நம்ம பையன்தானேன்னு நெனச்சேன் தம்பி" என்று அந்த அம்மா சொன்னது இன்னும் மனதை அறுக்கிறது.

பேசும் மொழியைப் பார்க்காதீர்கள், வண்டியின் எண் பலகையைப் பாருங்கள். இங்கே சாலை டாக்சிக்கு வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து. எண் 'எச்' என்று தொடங்கும். சொந்தக் கார்களுக்குப் பெரும்பாலும் கறுப்புப் பலகை. அப்படியொரு காரைக் காட்டி "டாக்சி" என்றால் நகர்ந்துவிடுங்கள். கிராப் (செல்பேசிச் செயலி வழியாக அழைக்கும் வாடகை வண்டி) கார்களுக்கும் பெரும்பாலும் கறுப்புப் பலகைதான், ஆனால் அவை செயலியில் நீங்கள் அழைத்தால் மட்டுமே வரும். கதவைத் திறக்குமுன் செயலியில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள். உங்கள் பெயரை நீங்களாகச் சொல்லாமல், "யாரைக் கூட்டிப்போக வந்தீங்க?" என்று கேளுங்கள். "கேன்சல் பண்ணிட்டுத் தனியா காசு குடுங்க" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பயணம் பதிவிலிருந்து போய்விட்டால் உங்கள் பாதுகாப்பும் போயிற்று.

ஊரில் பழகிய ஊபர் 2018 முதல் இங்கே இல்லை. கிராப் செயலியைப் புறப்படும் முன்பே பதிவிறக்கி, உங்கள் செல்பேசி எண்ணைச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரோமிங் இல்லாத இந்திய சிம்முக்கு இங்கே வந்தபின் ஓடிபி வராமல் தவித்தவர்கள் பலர்.

ஓட்டுநர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். டோல் கட்டணம் வாடகையோடு தனியாகச் சேரும். மீட்டர் டாக்சியில் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை கட்டணத்தில் பாதி கூடுதல். இரண்டும் விதிப்படிதான், அதற்காக ஓட்டுநரோடு சண்டை போடாதீர்கள்.

தனியாக வருபவர்களை நான் ரயிலில்தான் வரச் சொல்வேன். விமான நிலைய ரயிலான கே.எல்.ஐ.ஏ எக்ஸ்பிரஸ் முதல் முனையத்திலிருந்து 28 நிமிடத்தில் கே.எல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறக்கிவிடும், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கத்திலேயே. இரவில் காரில்தான் வரவேண்டுமென்றால், பயண விவரத்தைச் செயலியிலிருந்தே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆபத்தென்றால் 999.