பொழுது சாய்ந்தால் ஒடுங்கும் ரேடியோ

அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் நடுச்சமவெளியிலும் கார் ரேடியோவில் ஏஎம் (மத்திய அலை) பக்கம் திருப்பினால், ஏதோ ஒரு சிற்றூர் நிலையம் அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியின் பழைய பாடகர்கள் ஹாங்க் வில்லியம்ஸையோ லொரெட்டா லின்னையோ ஒலிபரப்பிக்கொண்டிருக்கும். பகல் முழுக்கத் தெளிவாகக் கேட்ட அந்த நிலையம் சூரியன் மறைந்ததும் மங்கிப்போகும். சில நிலையங்கள் அடியோடு நின்றுவிடும். அரசின் உரிமமே அப்படித்தான் சொல்கிறது.

ஏஎம் முறையில் பாட்டின் ஏற்ற இறக்கம் ரேடியோ அலையின் வீச்சில், அதாவது அலையின் உயரத்தில், ஏற்றப்படுகிறது. மின்னல் வெட்டினால் அதுவும் வீச்சைக் கலைக்கும் என்பதால்தான் ‘கரகர’ சத்தம்.

நிலையத்தின் கோபுரத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். அதன் மேல் தனியாக ஆன்டெனா ஏதும் கிடையாது. கோபுரம் முழுவதுமே ஆன்டெனா. 1240 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிபரப்பும் ஒரு நிலையத்தை எடுத்துக்கொண்டால், அலைநீளம் சுமார் 242 மீட்டர். அதில் கால் பங்கு, ஏறத்தாழ 60 மீட்டர் உயரம் இருந்தால் நன்றாக வேலை செய்யும். அத்தனை டன் எஃகும் அடியில் மின்சாரத்தைக் கடத்தாத ஒரு பீங்கான் மின்காப்பியின் மேல் நிற்கிறது. தொட்டால் சதை வெந்துவிடும் என்பதால் சுற்றிலும் வேலி. இழுத்துக் கட்டிய கம்பிகளிலும் நடுநடுவே மின்காப்பிகள். கண்ணுக்குத் தெரியாத பாதி மண்ணுக்குள் இருக்கிறது: கோபுரத்தடியிலிருந்து நாலாபுறமும் புதைத்த செம்புக் கம்பிகள், வழக்கமாக 120.

பகலில் அலை தரையை ஒட்டியே போகிறது. அதனால் மண்தான் நிலையத்தின் எல்லையை முடிவுசெய்கிறது. தெற்கு டகோட்டாவின் யாங்க்டன் சிறிய ஊர். அங்குள்ள டபிள்யூஎன்ஏஎக்ஸ் நிலையம் 5,000 வாட்டில் பல மாநிலங்களுக்குக் கேட்கிறது. 570 கிலோஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த அதிர்வெண்ணும், மின்சாரத்தை நன்கு கடத்தும் சமவெளி மண்ணும் அதற்குக் காரணம். அப்பலாச்சிய மலைப்பாறையில் அதே வாட் பாதி தூரம்கூடப் போகாது. கடல்நீர் எந்த மண்ணையும்விடப் பல மடங்கு நன்றாகக் கடத்தும். இலங்கை வானொலியின் மத்திய அலை தமிழகக் கரையோரத்தில் கணீரென்று ஒலித்ததற்கு இடையிலிருந்த உப்புநீரும் ஒரு காரணம்.

மேல்நோக்கிப் போகும் அலையைப் பகலில் சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்திலுள்ள, வளிமண்டலத்தின் ‘டி’ அடுக்கு விழுங்கிவிடுகிறது. அங்கே அலையை விழுங்கும் எலெக்ட்ரான்களை அணுக்களிலிருந்து பிரித்து வைத்திருப்பது சூரிய ஒளி. இருட்டியதும் அவை மீண்டும் சேர்ந்துகொள்கின்றன, அடுக்கு கரைகிறது. அதைத் தாண்டி ஏறும் அலைகள் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இறங்குகின்றன. நாஷ்வில்லின் டபிள்யூஎஸ்எம், 650 கிலோஹெர்ட்ஸில் 50,000 வாட்டோடு, 1925இல் தொடங்கிய ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியைப் பல மாநிலங்களுக்குக் கொண்டுசேர்த்தது இந்த வழியில்தான். ஆனால் 1240இல் மட்டும் நாடெங்கும் ஏராளமான நிலையங்கள் இருக்கின்றன. ராத்திரியில் எல்லாமே ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெறும் இரைச்சலாகிவிடும். மற்ற பல அலைவரிசைகளிலும் இப்படி நேராமலிருக்கத்தான் சிறிய நிலையங்கள் அந்தியில் சக்தியைக் குறைக்கின்றன, அல்லது மூடுகின்றன.

பழைய கன்ட்ரி இசைக்கு ஏஎம் பொருந்திப்போவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ரேடியோப் பெட்டிகள் பெரும்பாலும் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை மழுக்கிவிடும். ஒற்றைக் குரல், பிடில், ஸ்டீல் கிட்டார் ஆகியவற்றின் உயிர் அதற்குக் கீழேயே இருக்கிறது, இழப்பு குறைவு.

இன்று இந்நிலையங்கள் பலவும் அதிகபட்சம் 250 வாட் கொண்ட எஃப்எம் துணை ஒலிபரப்பி வைத்து இரவிலும் பாடுகின்றன. அது ஊரெல்லையைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தொலைவில் டிராக்டர் ஓட்டுகிறவருக்குப் பகலில் கேட்பது இன்னும் ஏஎம்தான்.