கேட்பவர் மனத்தில் எத்தனை இடம்?

சிங்கப்பூரில் தொலைபேசி எண்ணுக்கு 8 இலக்கங்கள். அதைப் பிறருக்குச் சொல்லும்போது நான்கு நான்காகப் பிரித்து, நடுவில் சற்று நிறுத்துகிறோம். அவையோர் முன் ஒரு பொருளை விளக்குபவருக்கும் அந்த நிறுத்தம் தேவைப்படுகிறது.

காதில் விழும் புதிய செய்தி முதலில் செயல்நினைவில், அதாவது சற்று நேரம் மட்டும் செய்தியை வைத்துக் கையாளும் மனத்தின் சிறு இடத்தில், தங்குகிறது. 1956-இல் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் அதன் கொள்ளளவை ஏறத்தாழ ஏழு என்றார். மனத்துக்குள் திரும்பச் சொல்லிப் பார்க்க வாய்ப்பில்லாதபோது அது ஏறத்தாழ நான்கு மட்டுமே என்று 2001-இல் நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் மதிப்பிட்டார். இங்கே எண்ணப்படுபவை பொருள்தரும் தொகுப்புகள். 'சுவா சூ காங்' என்ற வட்டாரப் பெயர் சிங்கப்பூரில் வாழ்பவருக்கு ஒரே தொகுப்பு. மதுரையிலிருந்து நேற்று வந்திறங்கியவருக்கோ தொடர்பற்ற மூன்று ஒலிகள்.

படிப்பவர் புரியாத வரிக்குத் திரும்பிச் செல்லலாம். கேட்பவரால் அது இயலாது. முந்திய வாக்கியத்தை அவர் அசைபோடும்போதே அடுத்தது கடந்துவிடுகிறது.

சமூக மன்றமொன்றில் முதியோருக்கு, சிங்கப்பூரின் கட்டாயச் சேமிப்புத் திட்டமான மத்திய சேம நிதியை விளக்குவதாகக் கொள்வோம். கணக்குகளின் பெயர்களையும் வட்டி விகிதங்களையும் வயது வரம்புகளையும் ஒரே மூச்சில் அடுக்கினால், பாதியிலேயே அவர்களின் செயல்நினைவு நிரம்பிவிடும். மாறாக, "நீங்களும் முதலாளியும் கட்டும் பணம் வீட்டுக்கு, முதுமைக்கு, மருத்துவத்துக்கு என்று மூன்று பெட்டிகளில் விழுகிறது" என்று சொல்லி நிறுத்தினால், மூன்றும் ஒரே படமாக ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு, 55 வயதில் முதுமைப் பெட்டி மூடப்பட்டு ஓய்வுக்காலப் பெட்டி திறக்கப்படுவதையும், மாதத் தொகையை 65 வயது முதல் பெறலாம் என்பதையும் அந்தப் படத்தின்மீதே ஏற்றலாம்.

நன்கறிந்தவர்களே இதில் தவறுகிறார்கள். 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் நடத்திய ஆய்வில், சிலர் தெரிந்த பாடல்களின் தாளத்தை மேசையில் தட்ட, மற்றவர்கள் பாடலைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பாதியாவது கண்டுபிடிக்கப்படும் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120-இல் 3 மட்டுமே பிடிபட்டன. தட்டுபவரின் மனத்தில் ஒலித்த மெட்டு எதிரில் இருந்தவருக்குக் கேட்கவில்லை.

திரையில் நிறைய எழுத்தைக் காட்டிக்கொண்டே பேசுவதும் தீங்கானது. கண் படிக்கும் சொல் மனத்துக்குள் ஒலியாக மாறி, காதில் விழும் பேச்சோடு ஒரே இடத்துக்குப் போட்டியிடுகிறது. திரையில் ஆங்கிலமும் வாயில் தமிழுமாக நடக்கும் நம் கூட்டங்களில் மொழிமாற்றச் சுமையும் சேர்ந்துகொள்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. திரையில் ஒரு படம் போதும்.

"புரிந்ததா?" என்று கேட்டால் பெரும்பாலோர் மரியாதைக்காகத் தலையசைப்பார்கள். "வீட்டுக்குப் போய் அக்காவிடம் இதை எப்படிச் சொல்வீர்கள், ஐயா?" என்று கேட்டுப் பார்க்கலாம். அவர் எந்த இடத்தில் தயங்குகிறாரோ, அந்த இடத்தில்தான் நாம் அளவுக்கு மேல் திணித்திருக்கிறோம்.