சினிமாத் துப்பாக்கிக்குள் வாயு இல்லை

சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் சண்டைப் படம் பார்ப்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே யாரும் வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை. 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி, ஒருவரைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டாலே மரண தண்டனை. குண்டு பட்டதா இல்லையா என்பது பிறகு. ஆனால் அதே வீட்டில் அப்பாவோ அண்ணனோ மாமாவோ தேசிய சேவையில் நிஜ ரைஃபிளைத் தோளில் வைத்துச் சுட்டவராக இருப்பார். கதாநாயகன் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு மாடியிலிருந்து பாய்ந்தபடி பத்துப் பேரைச் சாய்க்கும்போது, சோபாவின் ஒரு மூலையிலிருந்து ‘ம்க்கும்’ என்று ஒரு சத்தம் வரும்.

அந்த ‘ம்க்கும்’ நியாயமானதுதான். துப்பாக்கியின் வெளித்தோற்றத்தைப் படங்கள் பெரும்பாலும் சரியாகவே காட்டிவிடுகின்றன. கோட்டை விடுவது உள்ளே நடப்பதில். விசையை அழுத்தியதும் ஓர் ஊசி தோட்டாவின் அடியைக் குத்துகிறது. அங்கிருக்கும் துளி மருந்து பற்றிக்கொண்டு, உறைக்குள் உள்ள வெடிமருந்தை எரிய வைக்கிறது. எரிந்த மருந்து வாயுவாகிறது. நம் சேவையாளர்கள் தூக்கித் திரியும் எஸ்ஏஆர் 21 ரைஃபிளின் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவில், அந்த வாயுவின் உச்ச அழுத்தம் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தத்தைவிட ஏறக்குறைய 4,000 மடங்கு. கிட்டத்தட்ட ஒரு மில்லிவினாடியில், சுமார் 4 கிராம் குண்டு வினாடிக்கு 900 மீட்டருக்கு மேல் வேகம் பிடித்துக் குழலைவிட்டுப் போய்விடுகிறது. தோளில் விழும் உதை, காதைக் கிழிக்கும் சத்தம், காலி உறை வெளியே தெறிப்பது, அடுத்த தோட்டா ஏறுவது எல்லாமே இந்த வாயுவின் வேலை. சினிமா மறப்பது இதைத்தான்.

குண்டடி பட்ட அடியாள் பின்னால் பறந்து கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு விழும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் குண்டின் எடை சுமார் 8 கிராம், வேகம் வினாடிக்கு 360 மீட்டர் போல. அதன் உந்தம் (எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது) முழுவதையும் 70 கிலோ ஆள் வாங்கிக்கொண்டாலும் அவர் நகரும் வேகம் வினாடிக்கு 4 சென்டிமீட்டர்தான். ஷாட்கன்னால் சுட்டாலும் 16 சென்டிமீட்டரைச் சுற்றித்தான் வரும். சுட்டவருக்கும் அதே உந்தம் எதிர்த்திசையில் கிடைக்கிறது, வெளியேறும் வாயுவின் பங்கும் சேர்ந்து கொஞ்சம் கூடுதலாகவே. அடியாள் பறந்தால் கதாநாயகனும் பின்பக்கமாகப் பறந்தாக வேண்டும். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு யாருக்குக் கட் அவுட் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. நிஜத்தில் குண்டடி பட்டவர் கால் மடங்கி அங்கேயே சரிவார், சில சமயம் நாலு அடி ஓடிவிட்டுச் சரிவார்.

சரி, நடிகரின் கை ஏன் அவ்வளவு அசையாமல் இருக்கிறது? அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. படப்பிடிப்பில் வழக்கமாகப் பயன்படுத்துவது குண்டில்லாத வெற்றுத் தோட்டா. முன்னால் தள்ளுவதற்குக் கனமான குண்டு இல்லையென்றால் வாயு சுலபமாக வெளியே ஓடிவிடும், உதையும் பெரிதாக இருக்காது. சிக்கல் என்னவென்றால், அடுத்த தோட்டாவை ஏற்றும் பொறியும் அந்த அழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது. அதனால் குழலின் வாயை ஓரளவு அடைத்து வாயுவைத் தேக்குகிறார்கள். ராணுவக் களப்பயிற்சியில் ரைஃபிள் முனையில் மாட்டும் துணைக்கருவிக்கும் அதே வேலைதான். வெற்றுத் தோட்டா என்றால் ஆபத்தில்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1993இல் நடிகர் பிராண்டன் லீ படப்பிடிப்பிலேயே இறந்தார். காட்சிக்காக வைக்கும், வெடிமருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றின் குண்டு முன்பே கழன்று குழலுக்குள் சிக்கியிருந்தது. பிறகு சுட்ட வெற்றுத் தோட்டாவின் வாயு அதை வெளியே தள்ளிவிட்டது.

இரண்டு கையிலும் துப்பாக்கி பிடிக்கும் விஷயத்துக்குக் கொஞ்சம் கணக்குப் போதும். கைத்துப்பாக்கியில் குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 15 சென்டிமீட்டர். இரண்டும் ஒரு மில்லிமீட்டர் விலகினால், 15 மீட்டர் தூரத்தில் குண்டு 10 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். இது அசையாமல் நின்று சுடும் ஆளுக்கு. பாய்ந்துகொண்டே இரு இலக்குகளை இரு திசையில் பார்ப்பதற்கு மனிதக் கண் அமைந்திருக்கவில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பொய்: சைலன்சர். படத்தில் அதைத் திருகி மாட்டினால் ‘புஸ்’ என்று ஒரு சத்தம், பக்கத்து அறையில் தூங்குகிறவர் புரண்டுகூடப் படுக்க மாட்டார். இந்தக் கருவிக்கு அமெரிக்காவில் 1909இல் காப்புரிமை பெற்றவர் ஹைராம் பெர்சி மாக்சிம். மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவரின் மகன். குழாய்க்குள் வரிசையாகத் தடுப்புத் தகடுகள். வாயு ஒவ்வோர் அறையிலும் சுழன்று, விரிந்து, சூடு தணிந்து மெல்ல வெளியேறும். காரின் சைலன்சரும் ஏறக்குறைய இதே தத்துவம்தான். இதனால் 20 முதல் 35 டெசிபல் வரை குறையும். பெரிய குறைப்புதான், ஆனால் எங்கிருந்து குறைகிறது என்று பார்க்க வேண்டும். கைத்துப்பாக்கியின் சத்தம் 160 டெசிபலை ஒட்டியிருக்கும். சைலன்சர் போட்ட பிறகும் 130 பக்கம் நிற்கும். வீவக அடுக்குமாடி புளோக்கில் பக்கத்து வீட்டுக்காரர் புதுப்பிப்பு வேலைக்காகச் சுவரை உடைக்கும்போது அந்த இயந்திரத்தை ஒட்டி நிற்பவருக்கே அவ்வளவு கேட்காது.

ரிவால்வரில் சைலன்சர் மாட்டும் வில்லன்களும் இருக்கிறார்கள். நம்மூர்ப் போலீஸ்காரர்களின் இடுப்பில் பல்லாண்டுகள் தொங்கிய டாரஸ் ரிவால்வரை நினைத்துக்கொள்ளுங்கள். தோட்டாக்கள் இருக்கும் உருளைக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி உண்டு. வாயுவும் சத்தமும் அந்த வழியாகவே பக்கவாட்டில் பீறிட்டுவிடும். முனையில் என்ன மாட்டினாலும் பெரிய பலன் இல்லை.

இன்னொரு சத்தமும் இருக்கிறது, அதைச் சைலன்சர் தொடவே முடியாது. 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 349 மீட்டர். ரைஃபிள் குண்டு அதைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் வேகமாகப் போவதால், போகும் வழியெல்லாம் அதிர்வலையை இழுத்துக்கொண்டே போகிறது. 300 மீட்டர் தள்ளி இலக்குக்கு அருகே பாதுகாப்பான பள்ளத்தில் இருப்பவருக்கு முதலில் தலைக்கு மேல் சாட்டை சொடுக்கியதுபோல ‘சடக்’ என்று கேட்கும். கிட்டத்தட்ட அரை வினாடி கழித்துத்தான் துப்பாக்கியின் ‘டும்’ வந்து சேரும். சுட்டவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை இந்த இடைவெளியை வைத்தே வீரர்கள் மதிப்பிடுவார்கள். படத்தில் ‘டும்’ கேட்டதும் நாயகன் குனிந்து தப்பிக்கிறார். நிஜத்தில் அந்த ‘டும்’ வரும்போது குண்டு அவரைத் தாண்டிப் போய்ச் சற்று நேரமாகியிருக்கும்.

மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) தீராத கதை எல்லோரும் கிண்டல் செய்கிற ஒன்று. நிமிடத்துக்கு 600 என்ற வேகத்தில் விடாமல் சுட்டால் 30 தோட்டா மேகசின் 3 வினாடியில் காலி, அவ்வளவுதான். அதைவிடச் சுவையானது, தோட்டா தீர்ந்ததும் ‘கிளிக், கிளிக்’ என்று வில்லன் விசையை அழுத்திக்கொண்டே இருப்பது. இன்றைய பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் கடைசித் தோட்டா போனதும் மேலே உள்ள ஸ்லைடு பின்னாலேயே நின்றுவிடும். கையில் பிடித்திருப்பவருக்கு அது பளிச்சென்று தெரியும். அழுத்தினாலும் கிளிக் வராது. மிரட்டுவதற்காக ஒவ்வொரு வசனத்துக்கும் ஒருமுறை ஸ்லைடை ‘சர்ரக்’ என்று இழுப்பார்களே, உள்ளே ஏற்கெனவே தோட்டா இருந்தால் அது ஒவ்வொரு இழுப்புக்கும் ஒன்றாக வெளியே துள்ளித் தரையில் விழும். வசனம் முடிவதற்குள் மேகசின் பாதி காலி.

சினிமாவில் அறவே இல்லாதது கணக்கு வழக்கு. பயிற்சித் திடலில் சுடும் நேரத்தைவிடக் காத்திருக்கும் நேரம்தான் அதிகம். நுரைப்பஞ்சு அடைப்பானை உருட்டிக் காதில் செருக வேண்டும். குழல் எப்போதும் இலக்குத் திசையில். சுடத் தயாராகும் வரை விரல் விசைக்கு வெளியே, துப்பாக்கியின் உடலோடு ஒட்டி நீட்டியபடி. சுட்டு முடிந்ததும் மேகசினைக் கழற்றி, உள்ளே ஒன்றுமில்லை என்று திறந்து காட்ட வேண்டும். அப்புறம் புல்லுக்குள் குனிந்து காலி உறைகளைப் பொறுக்க வேண்டும். போகும்போது ஒவ்வொருவரும் தன்னிடம் தோட்டாவோ காலி உறையோ எதுவுமில்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் எல்லோரும் வரிசை கட்டித் தேடுவார்கள். நம் நாயகன் ஒரே சண்டையில் இறைத்துவிட்டுப் போகும் உறைகளைப் பொறுக்க ஒரு பட்டாளத்துக்கே பொழுது போதாது.