ரெக்ரூட்டர்: கடற்படை அதிகாரி ஆக நினைப்பவர் தேட வேண்டிய ஆள்

'ரெக்ரூட்டர்' என்றதும் நம் ஊரில் பலருக்கு நினைவுக்கு வருபவர், வேலை இருக்கிறது என்று மின்னஞ்சல் அனுப்பும் ஐ.டி. கம்பெனிக்காரர். அமெரிக்காவில் அதே சொல்லைச் சொன்னால் பலருக்கும் முதலில் தோன்றுபவர் சீருடை போட்ட ஒருவர். அங்கே கடைத்தொகுதிகளில், சலூனுக்கும் பீட்சா கடைக்கும் பக்கத்தில், தரைப்படை, கடற்படை, மரீன், விமானப்படை என்று அடுத்தடுத்துக் கண்ணாடிக் கதவுகளைப் பார்க்கலாம். அந்தக் கதவுக்குள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர்தான் ரெக்ரூட்டர். படைக்கு ஆள் தேடுவது, வந்தவரோடு பேசுவது, தேர்வுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் அனுப்புவது, கடைசியில் கையெழுத்துப் போடும் வரை கூடவே இருப்பது எல்லாம் அவர் வேலை.

அமெரிக்கக் கடற்படையில் அதிகாரியாகச் சேர நினைக்கும் பட்டதாரிகள் பலர் தடுமாறுவது இந்த ஒரு சொல்லில்தான். ரெக்ரூட்டர் என்ற ஒரே பெயரில் அங்கே இரண்டு வகை ஆட்கள் வேலை செய்கிறார்கள். ஒருவர் மாலுமிகளைச் சேர்ப்பவர், இன்னொருவர் அதிகாரிகளைச் சேர்ப்பவர். இருவருக்கும் இலக்கு வேறு, படிவம் வேறு, எழுதவைக்கும் தேர்வும் வேறு. கடைத்தொகுதிக் கதவுக்குள் இருப்பவர் பெரும்பாலும் முதல் வகை. இது தெரியாமல் போய், மாலுமியாகச் சேரும் ஒப்பந்தத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்ட பட்டதாரிகள் உண்டு. அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது பயன்படும்.

ரெக்ரூட் என்ற ஆங்கிலச் சொல் 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து வந்தது. பிரெஞ்சில் 'ரெக்ரூ' என்றால் புதிதாகத் திரட்டிய படை. அதன் வேர் 'மறுபடி வளர்வது' என்ற பொருளுடைய வினை. இன்னும் பின்னால் போனால் லத்தீனின் 'கிரெஸ்கெரே', அதாவது வளர்தல். போரில் செத்தும் ஓடியும் குறைந்துபோன படை, புது ஆட்கள் வந்ததும் மறுபடி வளர்கிறது. முதலில் அந்தப் புது வளர்ச்சிக்குப் பெயராக இருந்த சொல், பிறகு அப்படி வந்து சேர்ந்த ஒவ்வொரு ஆளுக்கும் பெயரானது. அந்த ஆளைக் கொண்டுவருபவர் ரெக்ரூட்டர்.

கப்பலில் வேலை செய்பவர்களைக் குறிக்கும் 'குரூ' என்ற சொல்லும் இதே வேரில் முளைத்ததுதான். அதுவும் முதலில் படைக்கு அனுப்பிய கூடுதல் ஆட்களைக் குறித்து, அப்புறம் கப்பலுக்குப் போயிற்று. வளர்பிறையைக் குறிக்கும் 'கிரெசென்ட்' இன்னொரு உறவு. ஆக, கப்பலில் இருக்கும் ஆட்களுக்கும் அவர்களைக் கப்பலுக்கு அனுப்பும் ஆளுக்கும் சொல்லளவில் ஒரே தாய்.

ஆனால் இன்றைய அமெரிக்கக் கடற்படையில் ரெக்ரூட் என்பது எல்லாப் புதியவருக்கும் பொதுவான பட்டம் இல்லை. மாலுமியாகச் சேர்ந்தவர் இல்லினாய் மாநிலத்தின் கிரேட் லேக்ஸ் பயிற்சித்தளத்துக்குப் போகிறார், அங்கே அவரை ரெக்ரூட் என்றே அழைக்கிறார்கள். அதிகாரியாகத் தேர்வான பட்டதாரி ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட்டில் உள்ள ஓ.சி.எஸ். (ஆபிசர் கேண்டிடேட் ஸ்கூல்) என்ற அதிகாரிப் பயிற்சிப் பள்ளிக்குப் போகிறார், அங்கே 13 வாரப் பயிற்சி. அவரை யாரும் ரெக்ரூட் என்பதில்லை, 'ஆபிசர் கேண்டிடேட்' என்கிறார்கள். கேண்டிடேட் என்பதற்கு வேர் 'வெண்மையான' என்ற லத்தீன் சொல். பழைய ரோமில் பதவிக்கு நிற்பவர் சுண்ணம் பூசி வெளுத்த அங்கியோடு மக்கள் முன் வருவார், அதிலிருந்து வந்தது. தேர்தலுக்கு நிற்பவர் வெள்ளை வேட்டி சட்டையோடு வருவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதில் புரியும். ரெக்ரூட் சேர்ந்துவிட்டவர். கேண்டிடேட் தகுதியைக் காட்டிக்கொண்டு நிற்பவர்.

சரி, 'ஆபிசர்' என்றால் யார்? இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கடற்படையில் 'பெட்டி ஆபிசர்', 'சீஃப் பெட்டி ஆபிசர்' என்று பதவிகள் உண்டு. பெட்டி என்பது 'சிறிய' என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் திரிபு. பெயரில் ஆபிசர் இருந்தாலும் இவர்கள் மாலுமிகள் வரிசையில் அனுபவத்தால் உயர்ந்தவர்கள். நாம் அதிகாரி என்று சொல்வது கமிஷன் பெற்ற ஆபிசரை. ரெக்ரூட்டர் கைகுலுக்கி "நான் பெட்டி ஆபிசர்" என்று அறிமுகம் செய்துகொண்டால், நாம் தேடிவந்த அதிகாரிப் பிரிவுக்காரர் இவர்தான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

கமிஷன் என்ற சொல் தமிழில் தரகுக்கூலி என்ற பொருளிலேயே ஊறிவிட்டது. 'கமிஷன் பெற்ற அதிகாரி' என்று எழுதினால் படிப்பவர் மனம் வேறு எங்கோ போகும். லத்தீனில் அதன் வேருக்கு 'நம்பி ஒப்படைப்பது' என்று பொருள். அமெரிக்கக் குடியரசுத்தலைவர் பெயரில் அதிகாரிக்குக் கொடுக்கும் பத்திரத்தின் வாசகமும் அதையே சொல்கிறது: இன்னாருடைய நாட்டுப்பற்றிலும் வீரத்திலும் விசுவாசத்திலும் திறமையிலும் தனி நம்பிக்கை வைத்து இவரை நியமிக்கிறேன் என்று அது தொடங்கும். இதற்கு நம் மொழியில் 'ஆணை' என்ற சொல்லே பொருத்தம். ஆணை பெற்ற அதிகாரி என்றால் குழப்பமே இல்லை.

மாலுமியாகச் சேர்வதை 'என்லிஸ்ட்' என்கிறார்கள். பட்டியலில் பெயர் ஏறுவது என்று பொருள். நம் கிராமங்களில் "பட்டாளத்துக்குப் பேர் கொடுத்துட்டான்" என்று சொல்கிறோமே, அதைவிட நல்ல மொழிபெயர்ப்பு இதற்குக் கிடையாது. பெயர் கொடுத்தவர் இத்தனை ஆண்டு என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார். அவர் எடுக்கும் உறுதிமொழியில் குடியரசுத்தலைவரின் கட்டளைக்கும் மேலதிகாரிகளின் கட்டளைக்கும் கீழ்ப்படிவேன் என்ற வரி உண்டு. அதிகாரியின் உறுதிமொழியில் அந்த வரி கிடையாது. அரசமைப்புச் சட்டத்தைக் காப்பேன், ஏற்ற பொறுப்பை நன்றாகச் செய்வேன் என்பதோடு அது முடிந்துவிடும். நுழையும் இடத்திலேயே இரண்டு வழியும் இவ்வளவு தூரம் விலகியிருக்க, இரண்டு வழிக்கும் ஆள் சேர்ப்பவருக்கு ஒரே பெயர்.

தமிழில் ரெக்ரூட்மெண்டுக்கு நல்ல சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. பேச்சில் 'ஆள் எடுக்கிறாங்க', எழுத்தில் 'ஆட்சேர்ப்பு'. ஆள் என்பதும் சேர்ப்பு என்பதும் புணரும்போது ளகரம் டகரமாகும், செய்தித்தாள்களில் ஆள்சேர்ப்பு என்றும் எழுதுகிறார்கள். இலங்கை அரசு அறிவிப்புகளிலும் ஆட்சேர்ப்பு என்றே வரும். செயலுக்குச் சொல் நிலைத்த அளவுக்கு அந்தச் செயலைச் செய்பவருக்கு நிலைக்கவில்லை. அதற்குக் காரணம் நம் நடைமுறை என்றே நினைக்கிறேன். இந்தியக் கடற்படையில் அறிவிப்பு வரும், இணையத்தில் விண்ணப்பிப்போம். அதிகாரி என்றால் எஸ்.எஸ்.பி. என்ற படைத் தேர்வு வாரியத்தின் நேர்காணல், பிறகு கேரளத்தின் எழிமலையில் பயிற்சி. மாலுமி என்றால் தேர்வு, பிறகு ஒடிசாவின் சில்காவில் பயிற்சி. நடுவில் நம் கையைப் பிடித்து அழைத்துப்போக ஒரு ஆள் இல்லை. ஆளே இல்லாத இடத்தில் அவருக்குப் பெயர் எப்படி நிலைக்கும்?

அப்படி ஒரு ஆள் இருந்த காலமும் தமிழருக்கு உண்டு, கங்காணி. சோழர் கல்வெட்டுகளில் மேற்பார்வையைக் குறிக்கும் 'கண்காணி' என்ற சொல், இலங்கைக்கும் மலாயாவுக்கும் தோட்டத் தொழிலாளர்களைக் கூட்டிப்போனவர் பெயராக மாறியது. மலாயாவில் கூட்டிவந்த ஆளுக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம் உண்டு. அந்தச் சொல்லில் கடனும் கண்ணீரும் படிந்திருப்பதால் ரெக்ரூட்டருக்கு அதை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. இரண்டுக்கும் இடையே பெரிய வேறுபாடும் இருக்கிறது. கடற்படை ரெக்ரூட்டர் அரசுச் சம்பளக்காரர், தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி இல்லை.

ஆனால் இலக்கு உண்டு. இந்த மாதம் இத்தனை பேர் என்று மேலிடம் கேட்கும். 2023 நிதியாண்டில் அமெரிக்கக் கடற்படை, மாலுமிகள் சேர்ப்பில் தன் இலக்கைவிட 7,000-க்கும் மேல் குறைவாகவே எடுக்க முடிந்தது. அப்படிப்பட்ட நெருக்கடியில் பட்டப்படிப்பு முடித்த ஒருவர் தானாகக் கதவைத் திறந்து வந்தால், மாலுமிகளைச் சேர்ப்பவர் அவரை எளிதில் விட மாட்டார். "முதலில் மாலுமியாகச் சேருங்கள், உள்ளே போனதும் அதிகாரிக்கு விண்ணப்பிக்கலாம்" என்று சொல்வார். அது பொய் அல்ல, அந்த வழி உண்மையிலேயே இருக்கிறது, அதில் உயர்ந்த நல்ல அதிகாரிகளும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு உத்தரவாதம் கிடையாது, போட்டி கடுமை, அதுவரை ஒப்பந்தம் சொன்ன வேலையைத்தான் செய்ய வேண்டும். அதிகாரியாகவே நேரே போகத் தகுதி இருப்பவர் இந்தச் சுற்றுவழியில் போக வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ரெக்ரூட்டர் என்பதற்கு 'ஆட்சேர்ப்பாளர்' சரியாக இருக்கும். செய்திகளில் பழகிய 'ஆட்சேர்ப்பு அதிகாரி' இந்த இடத்தில் உதவாது. ஆள் சேர்க்கும் வேலையில் இருப்பவர் அதிகாரி என்று அது சொல்கிறது. நமக்குத் தேவை அதிகாரிகளைச் சேர்ப்பவர். அவர் தாமே அதிகாரியாக இருக்க வேண்டும் என்றில்லை, அனுபவமுள்ள சீஃப் பெட்டி ஆபிசராகவும் இருக்கலாம். 'அதிகாரி ஆட்சேர்ப்பாளர்' என்று சுருக்கினாலும் அதே மயக்கம் வரும். கொஞ்சம் நீளமானாலும் 'அதிகாரிகளுக்கான ஆட்சேர்ப்பாளர்', 'மாலுமிகளுக்கான ஆட்சேர்ப்பாளர்' என்று எழுதுவதே நல்லது. மாலுமி என்பதும், கற்பிப்பவர், கப்பலை வழிநடத்துபவர் என்று பொருள்படும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

அதிகாரிகளுக்கான ஆட்சேர்ப்பாளர்கள் எண்ணிக்கையில் குறைவு. ஒருவரே பல நகரங்களைப் பார்த்துக்கொள்வார். டென்னசியின் மில்லிங்டனில் உள்ள ஆட்சேர்ப்புத் தலைமையகத்தின் கீழ் நாடு முழுவதும் 'டேலண்ட் அக்விசிஷன் குரூப்' என்ற வட்டார அலுவலகங்கள் இருக்கின்றன. இவர்களைப் பிடிக்க வேண்டிய இடம் அவைதான், கடைத்தொகுதி அல்ல. போனில் பேசும்போது முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்: "எனக்கு இளங்கலைப் பட்டம் இருக்கிறது, ஓ.சி.எஸ்.ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும், என் பகுதிக்கான ஆபிசர் ரெக்ரூட்டர் யார்?" கடற்படையில் சேர ஆசை என்று மட்டும் சொன்னால் அழைப்பு பக்கத்துக் கதவுக்கே போகும்.

எதிரில் இருப்பவர் எந்த வகை என்று அவர் பேசும் தேர்விலிருந்தே கண்டுபிடிக்கலாம். ஆஸ்வாப் என்ற பொதுத் திறன் தேர்வை எழுதச் சொன்னால் அது மாலுமி வழி. ஓ.ஏ.ஆர். எழுதச் சொன்னால் அதிகாரி வழி. கணக்கு, வாசித்துப் புரிதல், இயந்திர அறிவு மூன்றையும் சோதிக்கும் தேர்வு அது, மதிப்பெண் 20 முதல் 80 வரை. விமானி ஆக விரும்புகிறவர், அதையும் உள்ளடக்கிய ஏ.எஸ்.டி.பி. என்ற விமானத்துறைத் தேர்வு முழுவதையும் எழுத வேண்டும். இந்தத் தேர்வை வாழ்நாளில் மூன்று தடவைதான் எழுதலாம் என்பதால், ஆட்சேர்ப்பாளர் அவசரப்படுத்தினாலும் தயாராகாமல் உட்காரக் கூடாது. மருத்துவப் பரிசோதனைக்கு இரண்டு வழிக்காரர்களும் ஒரே நிலையத்துக்குப் போகக்கூடும் என்பதால் அதை அடையாளமாக வைத்துக்கொள்ள முடியாது. அதிகாரி வழியில் கல்லூரி மதிப்பெண் பட்டியல், பரிந்துரைகள், ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற கட்டுரை, அதிகாரிகளுடன் நேர்காணல் எல்லாம் சேர்ந்து ஒரு கட்டாகத் தேர்வுக்குழுவுக்குப் போகும். முடிவு அந்தக் குழுவுடையது. ஆட்சேர்ப்பாளர் இடம் வாங்கித்தர முடியாது, விண்ணப்பக் கட்டைப் பிழையில்லாமல் நேரத்துக்கு அனுப்பிவைக்க முடியும். நல்லவர், சோம்பேறி என்ற வேறுபாடு தெரிவது இங்கேதான்.

அதிகாரிகளுக்கான ஆட்சேர்ப்பாளர்களிலும் மருத்துவர், செவிலியர் என்று தனித்துறை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அணுசக்திப் பிரிவு இன்னும் தனி. அங்கே விண்ணப்பிப்பவர் வாஷிங்டனுக்குப் போய், கடைசியில் அந்தப் பிரிவின் தலைவரான நான்கு நட்சத்திர அட்மிரல் முன்னால் தாமே உட்கார வேண்டும். கடற்படையின் அணுசக்திப் பிரிவை உருவாக்கிய அட்மிரல் ரிக்கோவர் காலத்திலிருந்து வரும் வழக்கம் இது. எனவே பேச ஆரம்பிக்கும்போதே எந்தத் துறை என்பதையும் சொல்லிவிடுவது நல்லது.

அமெரிக்காவில் வாழும் நம் குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் மாலுமியாகச் சேரலாம், அதிகாரி ஆவதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். குடியுரிமை கைக்கு வராத பிள்ளையை ஆட்சேர்ப்பாளர் மாலுமி வழிக்கு அனுப்பினால் அதில் சூது எதுவும் இல்லை. இன்னும் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் இந்தத் தேடலே வேண்டாம். அன்னாபோலிஸ் கடற்படை அகாதெமிக்கு அதன் சேர்க்கை அலுவலகத்திலேயே விண்ணப்பித்து, தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் போன்றவர்களின் பரிந்துரையைத் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.