ஸ்லிங் அவிழ்ப்பதற்கு முன், பேனா எடுப்பதற்கு முன்

போன மாதம் ஒரு நாள், விடியற்காலை மூன்று மணிகூட ஆகவில்லை, போன் அடித்தது. தூத்துக்குடிப் பையன். இங்கே சிங்கப்பூரில் ஒரு முதலாளியின் யாட்டை, அதாவது சொகுசுப் படகை, பார்த்துக்கொள்கிறவன். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனில் ஏற்றிய படகை, ஆங்கரேஜில் நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பலிலிருந்து அப்போதுதான் தண்ணீரில் இறக்கியிருக்கிறார்கள்.

"அண்ணே, படகு வந்துட்டு. மிதக்குது, எஞ்சினும் ஸ்டார்ட் ஆயிட்டு. எல்லாம் நல்லாருக்கு."

"கையெழுத்து கேட்டானா?"

"கேட்டான். கப்பல் கெளம்பணும்னு மேட் ஆபீசர் ஒத்தக்கால்ல நிக்கான். போட்டுக் குடுத்துட்டேன். ஒரு கையெழுத்துதானண்ணே."

காலை பத்து மணிக்கு யார்டில் படகைத் தூக்கினோம். வலப்பக்கம், பின்பாதியில், நீர்மட்டக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே சிலந்தி வலை மாதிரி விரிசல். சின்னச் சுத்தியலின் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். மற்ற இடமெல்லாம் 'டக் டக்' என்று கேட்டது, அங்கே மட்டும் 'பொத்'. உள்ளே போய்த் தரைப்பலகையைக் கழற்றினால், ஹல்லோடு (படகின் வெளிக்கூட்டோடு) ஒட்டி நிற்க வேண்டிய ஸ்ட்ரிங்கர் என்ற நீளத் தாங்குசட்டம் ஒரு முழ நீளத்துக்குப் பிரிந்து கிடக்கிறது. பயணத்தில் படகு உட்கார்ந்து வரும் சட்டமான க்ரேடிலின் ஒரு பேட் (தாங்கு பலகை), உள்ளே பல்க்ஹெட் என்ற குறுக்குச்சுவர் இருக்கும் இடத்துக்கு நேராக இல்லாமல், வெறும் ஹல்லில் உட்கார்ந்திருக்கிறது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வந்த கப்பல் ஆடிய ஆட்டத்தில், பன்னிரண்டு டன் படகும் அந்த ஒரு பேடின் மேல் மோதி மோதி வந்திருக்கிறது.

பையன் கையெழுத்திட்ட தாளில் ஒரே ஒரு வரி. சரக்கு நல்ல நிலையில், குறையின்றிப் பெற்றுக்கொள்ளப்பட்டது.

இந்த வருடம் எனக்கு இது ஐந்தாவது. ஐந்திலும் அதே வரி, அதே இருட்டு, அதே அவசரம். படகு, சரக்குச் சேதங்களைச் சோதித்துச் சொல்லும் மரைன் சர்வேயராகப் பத்தொன்பது வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறேன். இனி எழுதியாவது பார்க்கலாம்.

நம்மில் யாரிடம் யாட் இருக்கிறது, இதைத் தமிழில் எழுதி என்ன பயன் என்று கேட்பீர்கள். முதலாளி ஏசி அறையில் தூங்கிக்கொண்டிருப்பார். நடு ராத்திரியில் லாஞ்சில் ஏறிக் கப்பல் ஓரமாய்ப் போய்ப் படகைப் பிடித்துக் கட்டி, நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுவது யார்? தூத்துக்குடி, ராமேஸ்வரம், நாகப்பட்டினத்துப் பிள்ளைகளும், சரக்கு அனுப்பும் ஃபார்வர்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் நம் ஆட்களும்தான். மறுநாள் 'யார் போட்டது?' என்று விரல் நீளுவதும் அவர்கள் பக்கம்தான்.

முதலில் அந்தக் கையெழுத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். 'அது வெறும் ஃபார்மாலிட்டி, குறை இருந்தால் பிறகு சொல்லிக்கொள்ளலாம்' என்ற இந்த ஒரு நினைப்பு என்னைப் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை.

கப்பல்காரன் சரக்கை ஏற்றிக்கொண்டு தரும் பத்திரம்தான் பில் (பில் ஆஃப் லேடிங்). பெரும்பாலான கடல் சரக்குப் பில்களுக்கு அடிப்படை, ஹேக்-விஸ்பி விதிகள் என்ற சர்வதேச விதிகள். அவை சொல்வது இவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியும் சேதமென்றால், சரக்கை எடுக்கும்போதே எழுத்தில் சொல்ல வேண்டும். மறைந்திருக்கும் சேதமென்றால் மூன்று நாளுக்குள். சொல்லாவிட்டால், பில்லில் எழுதியபடியே சரக்கு ஒழுங்காக ஒப்படைக்கப்பட்டது என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு உங்கள் உரிமை செத்துவிட்டதா என்றால், இல்லை. ஆனால் கப்பலில்தான் உடைந்தது என்று நிரூபிக்கும் பாரம் முழுக்க உங்கள் தலையில். 'யார்டுக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது எங்கேயாவது மோதியிருப்பார்கள்' என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு வரி எழுதுவார். அதை மறுக்க நீங்கள் நாற்பது பக்கம் எழுத வேண்டும். வழக்குப் போடுவதென்றால் கெடு ஒரு வருடம். 'பேசிக்கொண்டிருக்கிறோம்' என்று நம்பிக் கெடுவைத் தவறவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அதனால், தம்பி, தாளைத் திருப்பிக் கொடுக்காதே, சண்டையும் போடாதே. அதிலேயே எழுது. 'வலப்பக்கம் முன்னால் ஒரு அடி நீளக் கீறல். கைப்பிடி ரெயில் வளைந்திருக்கிறது. இருட்டு. அடிப்பாகம் பார்க்க முடியவில்லை.' நம் ஆட்கள் பலர் 'சர்வேக்கு உட்பட்டு' என்று இரண்டு சொல்லை எழுதிவிட்டு மீசையை முறுக்குவார்கள். போதாது. கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும், பார்க்க முடியாததைப் பார்க்க முடியவில்லை என்று எழுத வேண்டும். ஆங்கில இலக்கணம் தப்பினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. எழுதக் கூடாது என்று மேட் முறைத்தாலும் எழுது. எழுதியதை அங்கேயே போட்டோ எடு. அடுத்த ஐந்து நிமிடத்தில் கப்பல் ஏஜெண்டுக்கு மின்னஞ்சல் போய்ச் சேர வேண்டும். இரண்டு தரப்பு சர்வேயரும் சேர்ந்து பார்த்துப் பதிவு செய்தால் இந்தக் கடிதமே வேண்டாம் என்றும் அதே விதி சொல்கிறது. நடு ராத்திரியில் யார் வரப்போகிறார் என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். முந்தின நாளே சொன்னால் வருவோம். அதற்குத்தானே சம்பளம்.

அடுத்த நினைப்பு, 'உடைத்தால் கப்பல்காரன் முழுசாகக் கொடுத்துவிடுவான்.' மாட்டான். அதே விதிகளின் கீழ் அவனுடைய பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு பொதிக்கு 666.67 எஸ்டிஆர், அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், இரண்டில் எது அதிகமோ அது. எஸ்டிஆர் என்பது ஐஎம்எஃப்பின் கணக்கு நாணயம், ஒரு அமெரிக்க டாலருக்குக் கொஞ்சம் மேலே. பன்னிரண்டு டன் படகுக்குக் கணக்குப் போட்டால் 24,000 எஸ்டிஆர். படகின் விலை அதைப்போல் பத்து மடங்கு. இதுவாவது கிடைக்குமே என்றால், அங்கேயும் ஒரு ஓட்டை. டெக்கில், அதாவது கப்பலின் திறந்த மேல்தளத்தில், ஏற்றுவதாக பில்லிலேயே குறித்து, அப்படியே டெக்கில் ஏற்றிய சரக்கு இந்த விதிகளுக்குள்ளேயே வராது. யாட்டுகள் பெரும்பாலும் எங்கே பயணம் செய்கின்றன? டெக்கில்தான். பில்லின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் 'டெக் சரக்கு, அனுப்புகிறவரின் சொந்தப் பொறுப்பில்' என்று இருக்கும். படித்துப் பார்த்தேன் என்று சொன்ன முதலாளி ஒருவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை.

அதனால்தான் சரக்குக் காப்பீடு. படகுக்கு வருடாவருடம் போடும் பாலிசி வேறு, இது வேறு. அந்தப் பாலிசி, படகு இன்னொரு கப்பலில் சரக்காகப் போகும்போது செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் தனியாக எடுக்கச் சொல்வார்கள். 'எல்லா ஆபத்தும்' வகை எடுத்தாலும், பழைய படகுக்குக் கீறல், உராய்வு, நசுங்கலை விலக்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பாலிசி கையில் இருந்தாலும் அந்தக் கையெழுத்து உங்களை விடாது. கப்பல்காரன் மீதுள்ள உரிமைகளைப் பாதுகாத்து வைப்பது காப்பீடு எடுத்தவரின் கடமை என்று பாலிசியிலேயே ஒரு வரி உண்டு. குறையே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் நின்றால் காப்பீட்டுக்காரர்கள் முகம் எப்படிப் போகும் என்று யோசியுங்கள்.

காப்பீடு வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம். கப்பலுக்கு ஆபத்து வந்து, அதைக் காப்பாற்றச் செலவு செய்தால், சேதமே ஆகாத சரக்கின் சொந்தக்காரரும் பங்கு தர வேண்டும். ஜெனரல் ஆவரேஜ் என்பார்கள். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் ஆறு நாள் குறுக்கே நின்றதே, அந்தக் கப்பலில் பெட்டி வைத்திருந்தவர்கள் உத்தரவாதம் எழுதிக் கொடுத்த பிறகுதான் பெட்டியை எடுக்க முடிந்தது. காப்பீடு இருந்தால் அந்த உத்தரவாதத்தைக் காப்பீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் ரொக்கம்.

இனி க்ரேடில். 2019 மே மாதம், மத்தியதரைக் கடலில், சரக்குக் கப்பலின் டெக்கிலிருந்து மை சாங் என்ற ஏறக்குறைய நாற்பது மீட்டர் பாய்மர யாட் கடலில் விழுந்தது. செய்தி உலகமெங்கும் ஓடியது. க்ரேடில் சரிந்துவிட்டது என்பதுதான் ஏற்றிச் சென்ற தரப்பின் முதல் விளக்கம், அந்த க்ரேடில் யாட் தரப்பே கொடுத்தது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். யார் சொன்னது சரி என்பது எனக்கு வேண்டாத விஷயம். க்ரேடில் யாருடையது, யார் பூட்டினார்கள், எந்த பேட் எந்த பல்க்ஹெட்டுக்கு நேரே நிற்கிறது என்று ஏற்றும் துறைமுகத்திலேயே படம் இருக்க வேண்டும். அங்கே எடுத்த படம் இல்லாமல் இங்கே நான் எடுக்கும் படத்துக்கு மதிப்புப் பாதிதான். பழைய விரிசல் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மரம் வைத்துக் கட்டியிருந்தால் அதில் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (பூச்சி பரவாமல் பதப்படுத்திய மரம் என்ற அடையாளம்) இருக்கிறதா என்றும் அங்கேயே பாருங்கள். ஆஸ்திரேலியா போகிற படகென்றால் இதில் விளையாடவே கூடாது.

நேரே தண்ணீரில் இறக்குகிறார்கள் என்றால், நான் கையைப் பிடித்துக் கெஞ்சும் ஒரே விஷயம் இது. படகு தண்ணீரைத் தொட்டதும் ஸ்லிங்கை, அதாவது கிரேன் படகைத் தூக்கும் பட்டையை, அவிழ்க்க விடாதீர்கள். கிரேனில் பாரம் லேசாக நிற்கட்டும். ஒரு ஆள் டார்ச்சோடு உள்ளே இறங்கி, பில்ஜ் (தண்ணீர் தேங்கும் அடிப்பள்ளம்), ஸீகாக் (கடல்நீர்க் குழாய் வால்வு), ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் நுழையும் இடம், லாக் டிரான்ஸ்டியூசர் (வேகம் காட்டும் கருவி) எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும். பத்து நிமிடம். இரண்டு மாதம் கடலில் வந்த படகில் பேட்டரி செத்திருக்கும், பேட்டரி செத்தால் பில்ஜ் பம்ப் ஓடாது. ஜம்ப் ஸ்டார்ட்டரும் கை பம்பும் லாஞ்சில் இருக்க வேண்டும். டீசலையும் வடித்துத்தான் ஏற்றியிருப்பார்கள், கேனில் எடுத்துப் போங்கள். எஞ்சின் ஓடாத படகு, சிங்கப்பூர் நீரோட்டத்தில், பதினைந்து மீட்டர் உயர இரும்புச் சுவருக்குப் பக்கத்தில். மோதல் தாங்கும் ஃபெண்டர் எத்தனை கொண்டுபோகலாம் என்று கேட்டவனிடம், இருக்கிற அத்தனையும் என்று சொன்னேன்.

பலருக்குத் தெரியாத ஒரு சேதம். சரக்கை இழுத்துக் கட்டும் லேஷிங் மாட்டுவதற்காகக் கப்பலின் டெக்கில் வளையங்களை வெல்டிங் செய்திருப்பார்கள். இறக்கும் துறைமுகத்தில் அவற்றைக் கிரைண்டர் வைத்து வெட்டி எடுப்பார்கள். பக்கத்தில் நிற்பது உங்கள் படகு. பொறி பறந்து வந்து ஹல்லின் வெளிப்பூச்சான ஜெல்கோட்டில் ஊசிமுனைபோல் பதியும். அன்றைக்குக் கையால் தடவினால் லேசான சொரசொரப்பு, அவ்வளவுதான். இரண்டு வாரம் கழித்து, மழை பெய்த பிறகு, வெள்ளை ஹல் முழுக்கப் பழுப்புப் புள்ளி. மூன்று நாள் எப்போதோ போயிருக்கும். படகைச் சுற்றிய பிளாஸ்டிக் உறையான ஷ்ரிங்க் ராப் கிழிந்து காற்றில் அடித்துக்கொண்டே வந்திருந்தாலும் அடியில் பளபளப்பு போயிருக்கும். பிளாஸ்டிக்கை வெட்டிப் போடுவதற்கு முன் படம்.

காகித வேலையை முன்கூட்டியே முடியுங்கள். படகை எடுக்க பில்லின் ஒரிஜினலைக் காட்ட வேண்டுமா, அல்லது ஒரிஜினல் இல்லாமலே விடுவிக்கும் ஸீ வேபில்லா, டெலக்ஸ் ரிலீஸா என்று கப்பல் வரும் அன்றைக்குக் கேட்காதீர்கள். சிங்கப்பூரில் படகின் விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றையும் கூட்டி, அதன் மேல் 9 சதவீதம் ஜிஎஸ்டி. இறக்குமதி அனுமதி இல்லாமலோ, துறைமுக ஆணையத்திடம் கேட்காமலோ படகை மரினாவுக்கு ஓட்டிப் போகலாம் என்று யாராவது சொன்னால், முதலில் அவரையே ஓட்டச் சொல்லுங்கள். சாவி எங்கே என்றும் இன்றைக்கே கேளுங்கள். போன வருடம் ஒரு படகின் சாவி சவுத்தாம்ப்டன் யார்டு மேலாளரின் மேசையிலேயே இருந்தது.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன். விரிசல் நீருக்கு அடியில் இருந்தது, அன்று காலையே தூக்கிவிட்டோம். மறைந்திருந்த சேதம் என்று அன்று மதியமே ஏஜெண்டுக்குக் கடிதம் போய்விட்டது, காப்பீட்டுக்காரர்களுக்கும் சொல்லியாகிவிட்டது. கப்பல் தரப்பிலிருந்து வந்த பதிலில் இரண்டே வரி, கூடவே அவன் கையெழுத்திட்ட தாளின் நகல். பழுது பார்க்க எவ்வளவு ஆகும் என்று யார்டு இன்னும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. பையனைத் திட்ட மனம் வரவில்லை, அவனுக்கு இதை யாருமே சொல்லித் தந்ததில்லை. நேற்று மெசேஜ் அனுப்பியிருந்தான். அதே முதலாளியின் நண்பருக்கு அடுத்த வாரம் ஒரு படகு வருகிறதாம். 'அண்ணே, பேனா ரெண்டு எடுத்துக்கிட்டேன். நீங்க எத்தன மணிக்கு வர்றீங்க?'